எச்.எம்.வி. 101 கிராமபோன் பெட்டி: புளி போட்டுத் தேய்த்ததில் நிக்கல் போய் மஞ்சள் தெரிகிறது

ஊசிடப்பா, தேவகோட்டை:

எங்க ஐயா (அப்பச்சியோட, அதாவது எங்க அப்பாவோட அப்பா) ரங்கூன்ல இருந்து கப்பல்ல கொண்டுவந்த நாய் மார்க் கிராமபோன் கைப்பெட்டி ஒண்ணு வீட்டுல இருக்கு. எச்.எம்.வி. 101, கறுப்பு ரெக்சின் ஒட்டினது. சாவி கொடுத்தா இன்னமும் பாடுது. வெளியில தெரியுற இரும்பு, பித்தளை எல்லாத்துக்கும் நிக்கல் முலாம். அது பல வருஷமா மங்கிப்போய் அங்கங்க பச்சை பூத்திருந்துச்சு.

பொங்கலுக்கு விளக்கு தேய்க்கும்போது இதையும் கையோட தேய்ச்சிடலாம்னு தோணிச்சு. புளி, பாத்திரம் தேய்க்கிற பொடி, தேங்காய் நார். தட்டுக்கு மேல வர்ற கையில (டோன் ஆர்ம்) வளைவு கிட்ட ரெண்டு அங்குலத்துக்கு முலாமே போய் மஞ்சள் தெரியுது. சாவிக்கைப்பிடி அன்னைக்குப் பளபளன்னு இருந்துச்சு. ஒரு வாரத்துல சிவப்புப் புள்ளி புள்ளியா துரு வந்துடுச்சு. சவுண்ட்பாக்ஸ் (கை முனையில ஊசி மாட்டுற வட்டத் தலை) பக்கத்துல முன்னாடியே ஒரு இடம் மஞ்சளா இருக்கும். ஐயா ஊசியைத் தூக்கி வைக்கும்போது கட்டைவிரல் படுற இடம் அது. அதை மட்டும் நான் தொடலை.

மதுரையில ஒரு பிளேட்டிங் கடையில கேட்டேன். மொத்தமா கழட்டிக் கொண்டாங்க, கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றோம்னாங்க. கொடுக்கலாமா? சித்திரையில அப்பச்சிக்கு 80 முடியுது. அன்னைக்கு இதுல ஒரு தட்டு போடணும்னு ஆசை.

பட்டறைக்காரன், கோவை:

தம்பி, கொடுக்காதீங்க. நான் 31 வருஷம் பிளேட்டிங் பட்டறையில தொட்டி பக்கத்துல நின்னவன். மறுமுலாம்னா முதல்ல என்ன நடக்கும்னு சொல்றேன். பழைய நிக்கலை உரிச்சு எடுப்பாங்க. அப்புறம் பஃப் சக்கரத்துல (மெருகு போடுற சக்கரம்) வச்சுப் பித்தளையைச் சீவுவாங்க. விளிம்பெல்லாம் மழுங்கும். பொறிச்ச எழுத்து பாதி ஆழம் போயிடும். திருகு ஓட்டை வாய் அகலும். முலாம் புதுசா இருக்கும். அடியில இருக்கிற சாமான் பழைய உருவத்துல இருக்காது.

நிறமும் ஒத்து வராது. 101 வந்தது 1925-ல இருந்து 1931 வரைக்கும். அந்தக் காலத்து நிக்கல் தொட்டியில இருந்து மங்கலாத்தான் வரும், அப்புறம் கையால பஃப் பண்ணி மினுக்குவாங்க. அதுல லேசா ஒரு மஞ்சள் சாயல், வெதுவெதுப்பான வெள்ளை. 1916-ல வாட்ஸ்ங்கற அமெரிக்கக்காரர் சொன்ன கலவை (நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் ஆசிட்) தான் இன்னைக்கும் எங்க தொட்டிக்கு அடிப்படை. ஆனா இப்ப அதுல பிரைட்னர் (பளபளப்பு கொடுக்கிற மருந்து) ஊத்துறோம், அதனால எடுக்கும்போதே கண்ணாடி. நீங்க சொல்லாட்டி மேல குரோமும் போட்டுடுவாங்க. குரோம் நீலம் அடிக்கும். பழைய நிக்கல் கீலுக்குப் பக்கத்துல அந்தக் கை வேற பெட்டியில இருந்து கழட்டி மாட்டின மாதிரி நிக்கும்.

புளியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. முலாத்தைத் தின்னது பொடி. நிக்கல் கனம் தலைமுடியை விடப் பல மடங்கு குறைச்சல். குத்துவிளக்கு உள்ளே வெளியே எல்லாம் பித்தளை, நூறு வருஷம் தேய்ச்சாலும் பித்தளைதான் வரும். இது மேல்தோல் மட்டும்தான். புளி செஞ்ச வேலை வேற இடத்துல. முலாத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க உண்டு. கைப்பிடி இரும்பு. அந்த ஓட்டை வழியா புளிப்பும் ஈரமும் உள்ள போச்சு. நிக்கலும் இரும்பும் சேர்ந்து ஈரத்துல இருந்தா இரும்புதான் கரையும். அதுதான் உங்க சிவப்புப் புள்ளி.

இப்ப செய்ய வேண்டியது. ஒரு காந்தம் எடுத்து ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க. கப்புன்னு இழுத்து ஒட்டினா அடியில இரும்பு. ரொம்ப லேசா, இருக்கா இல்லையான்னு சந்தேகப்படுற மாதிரி இழுத்தா பித்தளை மேல நிக்கல் (நிக்கலும் காந்தத்துக்கு ஒட்டும், அதை வச்சு இரும்புன்னு ஏமாந்துடாதீங்க).

இரும்புச் சாமானைத் தையல் மெஷின் எண்ணெயில நாலு நாள் ஊறப் போடுங்க. அப்புறம் சமையலுக்கு வாங்குற அலுமினியத் தாளைக் கசக்கி, அதே எண்ணெயோட துருப்புள்ளி மேல மட்டும் மெதுவா தேய்ங்க. அலுமினியம் நிக்கலை விட மிருது, கீறாது. மூலை முடுக்குக்கு மூங்கில் குச்சி. இரும்பு நார் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். துரு போன இடத்துல ஊசி முனை அளவு பள்ளம் நிக்கும். அது நிக்கட்டும்.

பித்தளைச் சாமானுக்கு வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு ஷாம்பு, பழைய பனியன் துணி. பச்சையை எண்ணெய் தொட்டு மூங்கில் குச்சியால கிள்ளி எடுங்க. கடையில விக்கிற பித்தளை பாலிஷ் பலதுல அம்மோனியா இருக்கும். இழுத்து வளைச்ச பித்தளைக்கு அது விஷம். வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்துல வச்சிருந்த தோட்டாங்க தானா விரிசல் விட்டுச்சு. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம்னு 1921-ல ஆராய்ச்சிக்காரங்க விளக்கினாங்க. உங்க டோன் ஆர்மும் அப்படி வளைச்ச குழாய்தான்.

கடைசியா எல்லாத்துக்கும் நிறமில்லாத கார் வேக்ஸ் மெல்லிசா ஒரு பூச்சு. மஞ்சள் தெரியுற ரெண்டு அங்குலத்தைக் கண்ணுல உறுத்துதேன்னு பளபளப்பாக்க வேண்டாம். ஆறு மாசத்துல பழுப்பேறி அடங்கிடும். ஐயா கட்டைவிரல் இடத்தைத் தொடாம விட்டீங்களே, ரொம்ப நல்ல காரியம்.

தட்டுக்காரி, மதுரை:

கோவை அண்ணன் சொன்னதை அப்படியே கேளுங்க. நான் 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய இசைத்தட்டு) சேர்க்கிறவள். என் முதல் பெட்டியோட கையை இங்க ஒரு கடையில கொடுத்து நீலக் குரோமோட வாங்கிட்டு வந்தேன். பொறிச்ச எழுத்து விரலுக்குக்கூடத் தட்டுப்படலை. அந்த எழுத்து திரும்ப வராது.

இன்னொண்ணு. பித்தளைக் குழல் வச்சுப் புதுசா செஞ்சு, பழசுன்னு விக்கிற பெட்டிகள் ஊரெல்லாம் நிறைய. அதுல எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். உங்க சாமானையும் அப்படி ஆக்கினீங்கன்னா, விவரம் தெரிஞ்சவங்க முதல்ல சந்தேகம்தான் படுவாங்க.

கழுவுறதுக்கு முன்னாடி சவுண்ட்பாக்ஸைத் தனியா கழட்டி எடுத்து வச்சிடுங்க. உள்ள மைக்கா தகடு, ஓரத்துல ரப்பர். எண்ணெய் பட்டா ரப்பர் போயிடும். அப்புறம் பாட்டு நசநசன்னுதான் வரும்.

ஊசிடப்பா, தேவகோட்டை:

ரொம்ப நன்றி. காந்தம் வச்சுப் பார்த்தேன். சாவிக்கைப்பிடியும் மூடியைத் தாங்குற கம்பியும் கப்புன்னு ஒட்டுது, எண்ணெயில போட்டாச்சு. டோன் ஆர்ம்ல காந்தம் ஊசலாடுது, அவ்வளவுதான். ஆனா சவுண்ட்பாக்ஸ் பின்பக்கத்து வளையம் புரியலை. முலாம் உரிஞ்ச இடத்துல மஞ்சளும் இல்லை, துருவும் இல்லை, சாம்பல் நிறம். காந்தம் ஒட்டலை. ரெண்டு இடத்துல முடி மாதிரி கோடு வேற தெரியுது. மதுரை அக்கா, ரப்பர் கல்லு மாதிரி இருக்கு, அது சரியா?

பட்டறைக்காரன், கோவை:

அந்தச் சாம்பல் துத்தநாகக் கலவை, அச்சுல வார்த்தது. அந்தக் காலத்து வார்ப்புல ஈயம் கலந்துட்டா நாள்பட வீங்கி உள்ளேயே வெடிப்பு விடும். உங்க கோடு அதுதான். அதைத் தண்ணியில போடாதீங்க, புளி, வினிகர் எதுவும் காட்டாதீங்க, கரைஞ்சு போகும். காய்ஞ்ச துணியால துடைச்சு வேக்ஸ் தடவுறதோட நிறுத்துங்க. திருகைக் கழட்டவும் வேண்டாம். வீங்கின சாமான்ல திருகைத் திருப்பினா கோடு பிளவாயிடும்.

தட்டுக்காரி, மதுரை:

ரப்பர் கல்லானதுதான் கொஞ்சம் வருத்தமான விஷயம். சவுண்ட்பாக்ஸ் நிஜமா நசுங்கின குரல்ல பாடும். ஆனா வளையம் விரிசல்ல இருக்கும்போது ரப்பரை மாத்தப் போகாதீங்க. சித்திரைக்கு வேற ஒரு நல்ல சவுண்ட்பாக்ஸ் மாட்டிப் பாட வைக்கலாம். உங்க டோன் ஆர்ம்ல பொருந்துதான்னு பார்க்க ஒண்ணு நான் தர்றேன். ஐயாவோடதைப் பருத்தித் துணியில சுத்தி ஊசி டப்பா பக்கத்துலயே வச்சிடுங்க. உள்செய்தியில உங்க டோன் ஆர்ம் முனையோட குறுக்களவை அனுப்புங்க.