குமாசியில் கெண்டே நெசவைப் பார்க்க ஒரு ஞாயிறு போதுமா?

பாலக்கோட்டுப் பையன்:
வணக்கம். கம்பெனி வேலையாக அடுத்த மாதம் கானாவில் குமாசிக்குப் போகிறேன். மூன்று வாரம், ஞாயிறு மட்டும் லீவு. வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அப்பாவோடு மூட்டை தூக்கியே வளர்ந்தவன் நான். அதனால் அங்கே கையால் நெய்யும் கெண்டே துணியை நெய்வதை நேரில் பார்க்க ஆசை. அம்மாவுக்கும் ஒன்று வாங்க வேண்டும். எங்கே போவது, ஏமாறாமல் எப்படி வாங்குவது?

பழையபேட்டை அண்ணன்:
தம்பி, நாலு வருஷம் கானா தலைநகர் அக்ராவில் இருந்தவன் சொல்கிறேன். முதலில் ஞாயிறை மாற்று. அன்று ஊரே சர்ச்சில் இருக்கும். ஒரு சனிக்கிழமை லீவு கேள். வழியில் கறுப்பும் சிவப்பும் உடுத்திக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், பயந்துவிடாதே, சாவு வீடு. அங்கே அது பெரும்பாலும் சனிக்கிழமைதான்.

கெஜேடியா சந்தை பெரிசு, சுற்றிப் பார்க்கலாம். ஆனால் நெசவுக்குப் போன்வைர் என்கிற ஊருக்குப் போ. குமாசியிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை, ட்ரோட்ரோ வேனில் போய்விடலாம். நெய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தறி நம் ஊர்த் தறியில் கால்வாசி அகலம் இருக்காது. நாலு அங்குலப் பட்டைதான் வரும். ஆனால் பாவு, அதாவது நீளவாட்டு நூல், முன்னால் பல அடி நீண்டு கிடக்கும். அதன் நுனியில் ஒரு பலகை, பலகைமேல் கல். நெய்ய நெய்யக் கல் தரையை உரசிக்கொண்டே நெய்பவர் பக்கம் நகர்ந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டே நான் பஸ்ஸை விட்டேன். ஆண்கள் போர்த்தும் பெரிய துணிக்கு இப்படிச் சுமார் 24 பட்டையைச் சேர்த்துத் தைப்பார்கள்.

வாங்கும்போது திருப்பிப் பார். பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சடித்த துணி. நாலு அங்குலத்துக்கு ஒரு தையல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். நான் முதல் மாதமே அக்ராவில் ஒரு கடையில் அச்சுத் துணியை நெசவு விலைக்கு வாங்கி வந்தேன், அது இப்போது எங்கள் டிவிக்கு உறை. இன்னொன்று, பட்டு என்று எதிர்பார்க்காதே. அந்தக் காலத்தில் வெளியிலிருந்து வந்த பட்டுத் துணியைப் பிரித்தெடுத்த நூலில் நெய்தார்கள். இன்று பெரும்பாலும் பருத்தி, ரேயான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுவிடு.

தறிக்காரி:
எங்கள் வீட்டில் குழித்தறி. அண்ணா, புட்டாவெல்லாம் எப்படி விழுகிறது? துளை போட்ட அட்டையை வைத்து வடிவம் போடும் ஜக்கார்டு பெட்டி உண்டா?

பழையபேட்டை அண்ணன்:
அட்டையும் இல்லை, பெட்டியும் இல்லை அம்மா. பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுது இரண்டு ஜோடி. ஒன்று சாதா நெசவுக்கு, இன்னொன்று கட்டங்களுக்கு. மிதிபலகை கிடையாது, கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் பிடித்து இழுப்பார்கள். மிச்சம் கைவேலை. ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. இடைவெளியே விடாமல் நிறைத்து நெய்ததை அத்வினேசா என்பார்கள், ‘என் வித்தை தீர்ந்தது’ என்கிற மாதிரி. இரண்டு வேட்டைக்காரர்கள் சிலந்தி வலை பார்த்து நெசவு கற்றதாக அங்கே கதை.

பாலக்கோட்டுப் பையன்:
அவர்களுக்குச் சிலந்தி, எங்களுக்குப் புழு! சனிக்கிழமை லீவு கேட்டுவிட்டேன் அண்ணா. அப்பா நாலு பட்டுக்கூடு எடுத்துப் போய்க் காட்டச் சொல்கிறார்.

தறிக்காரி:
கூடு வேண்டாம் தம்பி, ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். சாயம் போட்ட பட்டு நூல் ஒரு சிட்டம் கொண்டு போ, நெய்கிறவன் கைக்கு அதுதான் பிடிக்கும்.

பழையபேட்டை அண்ணன்:
கொடுக்கும்போது வலது கையால் கொடு. இடது கை அங்கேயும் ஆகாது.