சாயப்பட்டறையில் விழுந்து கை முறிவு, இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) என்னவென்று சொல்வது?

கேள்வி: அண்ணன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். போன வியாழன் ராத்திரி ஷிப்ட்டில் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சோப் ஆயில் சிந்திக்கிடந்த தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கம்பெனியிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். இப்போது மேனேஜர், "வீட்டில் விழுந்ததாகச் சொல்லி இஎஸ்ஐயில் லீவு போடு, எப்படியும் பணம் வரும்" என்கிறார். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அப்படிச் சொல்லலாமா?

பதில்: சொல்லவே கூடாதுங்க. வீட்டில் விழுந்தால் அது நோய் விடுப்புக் கணக்கு, சம்பளத்தில் 70 சதவீதம், புதிதாகச் சேர்ந்தவருக்கு அது கிடைக்கத் தொடங்கவே 9 மாதம் ஆகும், ஆக உங்கள் அண்ணனுக்கு ஒரு பைசா வராது. வேலையில் நடந்த விபத்து என்றால் 90 சதவீதம், சேர்ந்த முதல் நாளே விழுந்திருந்தாலும் உண்டு. தினக்கூலி 600 என்றால் நாளைக்கு 540, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும்வரை. அப்புறம் முக்கியமானது, மணிக்கட்டு சரியாகக் கூடாமல் கையின் பிடிமானம் போய்விட்டால் மெடிக்கல் போர்டு பார்த்து ஊனத்துக்குத் தகுந்த பணம் தருவார்கள். வீட்டில் விழுந்ததாகப் பதிவாகிவிட்டால் அதுவும் போச்சு.

பதில்: நான் பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்புவது முதலாளியின் பொறுப்பு. அனுப்பாவிட்டால் நீங்களே நேரில் போய் எழுதிக் கொடுங்கள், அன்றைய ஷிப்ட்டில் கூட இருந்தவர்கள் பெயரையும் சேர்த்து. சோப் ஆயில், சாஃப்ட்னர் சிந்தினால் வெறும் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிடுகிறார்கள், அது இன்னும் பரவி வழவழப்பாகிறது, ஆட்களோ அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு நடக்கிறார்கள். சிந்திய இடத்தில் உடனே உப்போ மரத்தூளோ போட்டு வாரி எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். ஆளைப் பொய் சொல்ல வைப்பதற்கு முன் அந்த மேனேஜர் இதைச் செய்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி. ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையிடத்தில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இது உதவுமா?

பதில்: நன்றாக உதவும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலைக் கம்பெனியில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாளைக்கே இஎஸ்ஐ டாக்டரிடம் காட்டி விடுப்புச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்த நாட்களுக்குச் சான்று வாங்குவது சிரமம்.