செராகோட் பூச்சும் நாற்பது வருட எண்ணெயும்

சீடிக்காரன்:

அப்பாவின் ஹோண்டா சீடி 125 மோட்டார் சைக்கிள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே பல வருடமாக நின்றது. கடலுக்கு இரண்டு ஒழுங்கைதான் தூரம். உப்புக்காற்றில் இன்ஜின் கவர்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டன. ஸ்ப்ரே பெயின்ட் இரண்டு தடவை அடித்தும் உரிந்து போனது.

அப்புறம்தான் செராகோட் பக்கம் போனேன். அமெரிக்காவில் ரைபிள் வைத்திருப்பவர்கள் குழலுக்கும், குழல் பொருந்தும் உடற்பகுதியான ரிசீவருக்கும் அடிக்கிற செராமிக் பூச்சு அது. ரைபிளுக்கு எழுதிய செய்முறையையே என் கவருக்கும் வைத்துக்கொண்டேன். ஒரு படியை மட்டும் விட்டுவிட்டேன், அதுதான் வினை.

பெட்ரோலில் கழுவி, அசிட்டோனில் ஊறவைத்து, 100 நம்பர் அலுமினியம் ஒக்சைடு துகளைக் காற்றழுத்தத்தில் வீசியடித்து பிளாஸ்ட் செய்வித்தேன். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடவே இல்லை. சாம்பல் நிறத்தில் அவ்வளவு சுத்தம். பூசுவதற்கு முன் வெறும் உலோகத்தை 150 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கச் சொல்லியிருந்தது. இதற்கு மேல் என்ன சுத்தம் என்று நேரே பூசிவிட்டேன். சூட்டில் இறுகும் எச் வகை பூச்சு என்பதால் 120 பாகையில் இரண்டு மணி நேரம் போறணையில் வைத்தேன். திறந்து பார்த்தால் கிளட்ச் கவரின் அடிப்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்!

வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாற்பது வருடம் எண்ணெய் குடித்த கவர் அது. குளிரில் எண்ணெய் உள்ளே பேசாமல் இருக்கும், சூடு பட்டால் வெளியே வரும். ரைபிளிலும் திருகாணித் துளை, ஊசி போகும் இடம், குழல் ரிசீவரோடு சேரும் புரி எல்லாவற்றிலும் இதே கதைதானாம்.

எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி தொடங்கினேன். முதல் சூட்டில் போல்ட் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வேர்த்தது. அசிட்டோனில் போட்டு மறுபடி சூடாக்கினேன், கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது சூட்டில் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்: முத்து முத்தாக நிற்காமல் தகடு போலப் பரவியது, எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் காயவைத்து பிளாஸ்ட் செய்து, கேஸ்கட் முகத்தையும் (கவர் இன்ஜினோடு பொருந்தும் தட்டையான விளிம்பு) புரிகளையும் மறைத்துப் பூசினேன். பூச்சின் தடிப்பு 25 மைக்ரோன் அளவுதான், ஆனால் கேஸ்கட் முகத்தில் ஏறினால் எண்ணெய் கசியும்.

போறணை பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் கேக் போறணையில் கை வைக்க எனக்குத் துணிவில்லை, வைக்கவும் கூடாது. பழையது ஒன்று வாங்கினேன். அதன் திருகு 120 என்றது, உள்ளே வைத்த வெப்பமானி 140 காட்டியது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அண்ணன், உங்களுடையது அலுமினியம், தப்பித்தீர்கள். நான் இரும்பு ஃபுட்ரெஸ்டை சனிக்கிழமை மத்தியானம் பிளாஸ்ட் செய்துவிட்டு, ஞாயிறு ஆறுதலாகப் பூசலாம் என்று பேப்பரில் சுற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் தோடம்பழ நிறம்! கொழும்பு ஈரக்காற்றுக்கு ஒரு இரவே போதும். இப்போது எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுத்தான் பிளாஸ்டுக்குக் கொண்டுபோகிறேன். வந்த கையோடு பூச்சு. மழை நாளில் தொடுவதே இல்லை.

தெஹிவளை பாஸ்:

தம்பிமார், பிளாஸ்ட் செய்யும் இடத்தில் உங்களுக்கு முன் என்ன சாமான் போனது என்று கேளுங்கள். எண்ணெய் பிடித்த கியர்பொக்ஸை அடித்த அதே துகளால் உங்கள் கவரையும் அடித்தால், கழுவியது எல்லாம் வீண். கடல் மணலால் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கேடு, அடிக்கிற பொடியனுக்கும்தான்.

மிச்சப் பூச்சு இருக்கிறதே என்று அதையே சைலென்சருக்கு அடித்துவிடாதீர்கள், நான் அடித்துப் பார்த்து நொந்தவன். அதற்கு அதிக சூடு தாங்கும் சி வகை வேண்டும். அது காற்றிலேயே காயும், போறணை தேவையில்லை, ஆனால் முழுதாக இறுக ஐந்து நாள் விட வேண்டும்.

சீடிக்காரன்:

நன்றி பாஸ். துகள் விஷயம் நான் கேட்கவே இல்லை, நாளைக்குக் கேட்கிறேன். மற்றப் பக்கக் கவர் இப்போது போறணையில் இருக்கிறது. நான்காவது சூடு. இன்னும் வேர்க்கிறது.