ஸ்லோவேனியத் தேனீ வீடு நம் ஊருக்கு ஒத்துவருமா?

அருமனைத் தேன்காரன்:
அருமனை அருகே ரப்பர் தோட்டத்தில் 22 தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். 2017 ஒக்கிப் புயலில் மரம் விழுந்து நசுங்கியவை போக, மிஞ்சியதிலிருந்து பெருக்கியவை.

ஸ்லோவேனியாவில் பிரெஸ்னிட்சா என்றொரு சிற்றூர். ஆன்டன் யான்ஷா 1734இல் பிறந்த ஊர். வியன்னாவில் அரசி மரியா தெரேசா காலத்தில் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்தவர். மே 20 உலகத் தேனீ நாளானது அவரை முன்னிட்டுத்தான். அவருடைய தேனீ வீட்டை அந்த ஊரில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். புத்தக அலமாரி போலப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரே கூரை. அந்நாட்டுப் பழைய பெட்டிகளின் முகப்புப் பலகையில் ஓவியம் வேறு உண்டு. வேட்டைக்காரனின் சவத்தை விலங்குகள் ஊர்வலமாகக் கொண்டுபோகின்றன ஒன்றில். இன்னொன்றில் பேய் ஒரு பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் தீட்டுகிறது. (வீட்டில் காட்டினேன். அன்று மாலை சாயா வரவில்லை.)

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குப் பெட்டிக்குப் பெட்டி தகரம் வைத்து, காலுக்குக் கால் எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி எனக்கு அலுத்துவிட்டது. இப்படி ஒரே கூரைக்குள் அடுக்கினால் என்ன?

குலசேகரம் வாசகர்:
வேண்டாம் அண்ணே. அங்கே இருப்பது கார்னியோலத் தேனீ, சாது. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு அக்கம்பக்கம் ஆகாது. திண்ணையில் நான்கு பெட்டிகளை நெருக்கி வைத்தேன். பூ இல்லாத மாதத்தில் ஒன்றையொன்று கொள்ளையடித்தன. வாசலெல்லாம் செத்த ஈக்கள். இரண்டு குடும்பங்கள் பெட்டியை விட்டே ஓடிவிட்டன. ஆறடியாவது இடைவெளி விடுங்கள்.

திருவட்டாறு தச்சன்:
இன்னொன்றும் இருக்கிறது. அங்கே இன்று பரவலாக இருக்கும் பெட்டி, அலமாரிக் கதவு போலப் பின்பக்கம் திறப்பது. நாம் வைத்திருக்கும் நியூட்டன் வகைப் பெட்டியை மேலேதான் திறக்க முடியும். மேலே இன்னொரு பெட்டி உட்கார்ந்திருந்தால் தேன் அறையை எப்படித் தூக்குவீர்கள்? ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பலகை நான் அறுத்துத் தருகிறேன். சிவப்பு பூசாதீர்கள், தேனீயின் கண்ணுக்கு அது கறுப்பாகத்தான் தெரியும். நீலமும் மஞ்சளும் நல்லது.

அருமனைத் தேன்காரன்:
22 பெட்டிக்கு ஆறடி வீதம் கூரை போட வேண்டுமென்றால் ரப்பர் விலை இன்னும் ஏறட்டும். பலகை அறுத்துவிடுங்கள் அண்ணாச்சி. நாக்குத் தீட்டும் படம் கூடாது என்று வீட்டில் உத்தரவு. முதல் பலகையில் மட்டி வாழைக்குலை, நல்ல மஞ்சளில்.