புதுப்பிப்பு: வளரும் பிள்ளைக்கு மின்சிகிச்சை கொடுக்கலாமா?

முழங்கால் வலிக்காக என் 12 வயது மகனுக்கு கரண்ட் சிகிச்சை கொடுத்தால் எலும்பு வளர்ச்சி பாதிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது பிசியோதெரபிஸ்டிடம் விரிவாகப் பேசிவிட்டோம்.

எல்லா மின்சிகிச்சையும் ஒன்றல்ல. டென்ஸ் (TENS) கருவி தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாக லேசான மின்சாரம் அனுப்பி நரம்பைத் தூண்டி வலியைக் குறைக்கிறது, எலும்பைச் சூடாக்குவதில்லை. சிறுநீர்ப்பைக் கோளாறு உள்ள சிறுவர்களுக்குக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். கவனம் வேண்டியது ஒலி அலையைப் பயன்படுத்தும் சிகிச்சை அல்ட்ராசவுண்டிலும், மின்காந்த அலையைப் பயன்படுத்தும் ஷார்ட்வேவ் டயாதெர்மியிலும்தான். இரண்டும் ஆழத்தில் வெப்பம் உண்டாக்கக்கூடியவை. நீள எலும்புகளின் முனையருகே இருக்கும் வளர்தட்டு (எலும்பு நீளமாக வளரும் இடம்) மென்மையான குருத்தெலும்பு. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14–15 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 16–17 வயதிலும்தான் அது மூடும். அதுவரை அந்த இடத்தில் இந்தக் கருவிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். (ஸ்கேன் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.)

டென்ஸ் பட்டைகளையும் கழுத்தின் முன்பக்கம், புண்பட்ட தோல் ஆகிய இடங்களில் ஒட்டக்கூடாது. சுடுகிறது, குத்துகிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, மகனுக்கு வந்திருப்பது ஆஸ்குட்-ஷ்லாட்டர், அதாவது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு மேட்டில் வரும் வலி. விளையாடும் பிள்ளைகளுக்கு வளரும் வயதில் வருவது. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, தொடைத் தசைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் இப்போதைக்குத் தேவையில்லையாம். வலி தொடர்ந்தால் டென்ஸ் மட்டும் பார்க்கலாம் என்றார்.