‘பார்வை வேட்டுவன்’ என்பவன் யார்?

கேள்வி

நற்றிணை 212ஆம் பாட்டு ‘பார்வை வேட்டுவன் படுவலை வெரீஇ, நெடுங்கால் கணந்துள்’ என்று தொடங்குகிறது; கணந்துள் என்பது ஒரு பறவை. கூர்ந்த பார்வையுடைய வேடன் என்றே இத்தனை ஆண்டுகளாகப் பொருள்கொண்டு, மாணவர்களுக்கும் அப்படியே சொல்லித் தந்துவிட்டேன். வில்லாளிக்குக் கூர்ந்த கண் வேண்டும், வலை விரிப்பவனுக்கு அது எதற்கு என்று ஒரு மாணவி கேட்டபோது விடை சொல்ல இயலவில்லை. பறவை பிடிப்பவனைக் குறிக்கும் தனிச்சொல்லா இது?

மறுமொழி 1

மாணவியின் ஐயம் சரியானதே. இங்கே பார்வை என்பது கண்ணின் தொழிலன்று. காட்டிலுள்ள தன் இனத்தை வலைக்கு ஈர்ப்பதற்காக வேடன் பழக்கி வைத்திருக்கும் விலங்கு அல்லது பறவை. பெரும்பாணாற்றுப்படையில் ‘பார்வை யாத்த பறைதாள் விளவின்’ என்று வருகிறது. விளாமரத்தின் அடி தேய்ந்து போகும்படி அதில் கட்டிவைத்திருப்பது பார்வை மான். கண்பார்வையை மரத்தில் கட்ட முடியாது என்பதால், இந்த ஓரடியே ஐயத்தைத் தீர்த்துவிடும்.

தனிச்சொல்லைப் பொறுத்தவரை, வேட்டுவன் என்பது பொதுப்பெயர்தான். அதன் முன்னே சேரும் சொல்லே அவன் எதை, எப்படிப் பிடிக்கிறான் என்பதைக் காட்டும். கோப்பெருஞ்சோழனின் புறநானூற்றுப் பாட்டில் (214) ‘யானை வேட்டுவன் யானையும் பெறுமே, குறும்பூழ் வேட்டுவன் வறுங்கையும் வருமே’ என்று வருவதைப் பாருங்கள். குறும்பூழ் என்பது காடை. யானையைத் தேடிப் போனவன் யானையோடு வரவும் கூடும், காடைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பவும் கூடும். அங்கே முன்சொல் இரையைச் சொல்கிறது. நற்றிணையில் அது கருவியைச் சொல்கிறது.

மறுமொழி 2

சிறுவயதில் எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஒருவர் பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டோடு புதரோரம் வைத்து, சுற்றிலும் கண்ணிகளை நட்டுவிட்டு, தள்ளிப் போய்க் குந்திக்கொள்வார். கூண்டுப் பறவை கத்தத் தொடங்கியதும், தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டானென்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவரும். வந்த வேகத்தில் கால் சுருக்கில் மாட்டிக்கொள்ளும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

‘தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று’ என்ற குறளைப் (274) பின்னாளில் படித்தபோது, அந்தப் புதரும் குந்தியிருந்த மனிதரும்தான் நினைவுக்கு வந்தார்கள். சிமிழ்த்தல் என்றால் பிணித்தல், அகப்படுத்தல். வேட்டுவன் என்று பொதுவாகச் சொன்னாலும், ‘புள் சிமிழ்த்தல்’ என்ற தொடரால் அவன் பறவை பிடிப்பவனாகிவிடுகிறான். போலித் துறவிக்கு உவமையாக வில்லேந்திய வேடனைத் தேடாமல் இவனைத் தேர்ந்தது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் இத்தொழிலில் மறைவே பாதி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாகத் திருத்திச் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் அந்தக் கணந்துள் அகப்பட்டதா?

மறுமொழி 1

இல்லை. வலையைக் கண்டு வெருவிய அதன் தெளிந்த விளி, சுரவழியே செல்லும் கூத்தர் மீட்டும் யாழ் நரம்பின் ஓசையோடு கலந்து ஒலிப்பதாகவே பாட்டு மேலே செல்கிறது. குறுந்தொகை 350இலும் இதே நெடுங்கால் கணந்துள், வழிச்செல்வோருக்கு ஆள் இருப்பதை அறிவித்து விலகச் செய்கிறது. இன்றைய ஆட்காட்டிக் குருவியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.