உங்கள் பேச்சைத் திருத்த வந்தவர்கள்: அனுபவங்களை எழுதுங்கோ

கொக்குவில்காரி:
வானொலி அறிவிப்பாளர் தேர்வு ஒன்றுக்குப் போயிருந்தேன். செய்தி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். உச்சரிப்பு நல்லது என்றார்கள். பிறகு நேயர் ஒருவரோடு தொலைபேசியில் கதைப்பதுபோலக் கதைத்துக் காட்டச் சொன்னார்கள். "வணக்கம், எங்கையிருந்து கதைக்கிறியள்? சுகமா இருக்கிறியளோ?" என்று தொடங்கினேன். முன்னால் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இது வீட்டிலை கதைக்கிற தமிழ், பிள்ளை. 'எப்படி இருக்கீங்க, எங்கேருந்து பேசுறீங்க' எண்டு வரவேணும்" என்றார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். அந்தத் திருத்தத்தைக்கூட எங்கள் பேச்சிலேயே சொன்னார்!

சென்னைப் பேச்சும் யாரோ ஒருவருடைய வீட்டுத் தமிழ்தானே? அது ஒலிவாங்கிக்கு முன்னால் வரலாம், எங்களுடையது குசினியோடு நிற்கவேண்டும் என்றால் என்ன நியாயம்? வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ. "எங்கள் தமிழ்தான் தூய தமிழ்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவேண்டாம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

உடுப்பிட்டி வாத்தியார்:
பிள்ளை, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். "அவை வந்தவை", "எனக்கு விளங்கேல்லை" என்று கட்டுரையில் எழுதினால் இன்றைக்கும் சிவப்புக் கோடு போடுவேன். சாதாரண தரப் பரீட்சையின் விடைத்தாளைத் திருத்துகிறவர் மட்டக்களப்பிலோ மாத்தளையிலோ இருப்பார். எல்லாருக்கும் பொதுவான எழுத்துத் தமிழ் ஒன்று வேண்டும். ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்தவர். பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியபோது நல்லூர்ப் பேச்சில் எழுதவில்லை.

ஆனால் வாயிலிருந்து வருவதை வெட்ட நான் ஆளில்லை. ஒருமுறை எங்கள் பாடசாலைக்கு மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், ஆறாம் வகுப்புப் பெடியன் "உது பிழை சேர்" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "உது என்று தமிழில் ஒரு சொல் இல்லை. அது அல்லது இது என்று சொல்லு" என்றார். தொல்காப்பியத்தில், எழுத்ததிகாரத்திலேயே, "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்று கிடக்கிறது. எனக்குப் பக்கத்தில் இருப்பது இது, எட்டத்தில் இருப்பது அது, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது உது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. இங்கே மீன் சந்தைக்குப் போனால் விடிய விடியக் கேட்கலாம்: "உதென்ன விலை?" நூற்பாவை அதிகாரிக்குச் சொன்னேன். "அது பழைய இலக்கணம்" என்றுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். பெடியன் அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு முன்னால் வாயே திறக்கவில்லை.

தூய்மைப் பெருமைக்காரருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். "வாழைப்பழம்" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கோ. எங்களில் பெரும்பாலானவர்கள் வாயில் ழகரம் ளகரமாகித்தான் வரும்.

கோண்டாவில் – வடபழனி:
சென்னையில் படித்த காலத்தில் "கேரளாவா சார்?" என்று ஓட்டோக்காரர் கேட்காத நாள் குறைவு. இல்லை, யாழ்ப்பாணம் என்றால் "அட, உங்க தமிழ் ரொம்ப சுத்தமா இருக்குமே" என்பார். கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்குவதற்குள் மலையாளியாக இருந்தவன் சங்கப் புலவர் ஆகிவிடுவேன். இரண்டும் வேண்டாம், மீட்டர் போட்டால் போதும்.

சாவகச்சேரி பெட்டிசம்:
நான் பெட்டிசம் (மனு) எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். ஒரு ஆச்சி வேலிப் பிரச்சினையில் பக்கத்து வளவுக்காரன்மேல் முறைப்பாடு கொடுக்கப் போனா. "கதியாலை அரக்கி நட்டவன். ஏனெண்டு கேட்டதுக்கு எனக்குப் பேசிப்போட்டுப் போனவன்" என்று சொல்லியிருக்கிறா. (கதியால் என்றால் வேலிக்கு நடுகிற தடி, அரக்கி என்றால் தள்ளி.) பதிந்த உத்தியோகத்தர் வேறு மாவட்டத்தவர், தமிழைப் படித்துப் பழகியவர். அவரைக் குறை சொல்ல ஏலாது, நல்ல எழுத்து. அவர் எழுதினது: "அவர் என்னுடன் பேசிவிட்டுச் சென்றார்."

எங்கடை ஊரில் பேசுறது என்றால் ஏசுறது. மற்றதற்குக் கதைக்கிறது என்போம். ஆச்சிக்குக் கண் தெரியாது, கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டா. வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வரியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "பேசிவிட்டுத்தானே போனார், அம்மா? அயலவர் பேசுவது குற்றமா?" ஆச்சி திகைத்துப்போய், "ஓம் ஐயா, பேசினவன், கண்டபடி பேசினவன்" என்கிறா. அவர் சிரிக்கிறார். அந்தச் சட்டத்தரணி எங்கடை இதே தென்மராட்சியில் பிறந்து வளர்ந்த ஆள். சின்ன வயதில் அவருடைய தாய் அவருக்கு எத்தனை தரம் பேசியிருப்பா! கடைசியில் நீதிமன்ற முதலியார்தான் (மொழிபெயர்ப்பாளர்) எழும்பி, இந்தப் பகுதி வழக்கில் அதற்கு என்ன பொருள் என்று விளங்கப்படுத்தினார். அதுவரைக்கும் ஆச்சி பொய்க்காரியாக நின்றா.

ஹட்டன் பிறப்பு, திருநெல்வேலி வாசம்:
கொக்குவில் அக்கா, "எப்படி இருக்கீங்க" என்றால் அது சென்னைப் பேச்சு என்று எழுதிவிட்டீங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையகத்துக்கு வந்தவர்களின் வழியில் பிறந்தவர்கள் நாங்கள். 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள், பத்திரிகையில் பார்த்திருப்பீங்கள். இந்த நாட்டில் அவ்வளவு காலம் பேசிய பிறகும் அது வெளியூர்த் தமிழாகத்தான் தெரிகிறது.

வேலைக்காக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்தபோது அறை தேடினேன். விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்து "அறை இருக்குங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீங்கள் எந்த இடம்?" ஹட்டன் என்றேன். "அது குடுத்தாச்சு, பிள்ளை." அன்று பின்னேரமே என்னோடு வேலை செய்கிற அளவெட்டிக்காரி அதே இலக்கத்துக்கு எடுத்து, "அறை ஒண்டு இருக்காம், பாக்கலாமோ?" என்றாள். வந்து பார்க்கச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் சிரிப்பு வேறு. "நான் அவங்களோட பேசுறேன்" என்றால், "ஐயோ, ஏன் பேசப்போறீர், பாவங்கள்" என்பார்கள். பெட்டிசம் ஐயா எழுதியதை வாசித்தபோதுதான் அந்தப் பகிடியின் முழு விபரமும் விளங்கியது. இப்போது நானும் கதைக்கிறேன், வெளிக்கிடுகிறேன், ஓம் போடுகிறேன். மூன்றாம் மாடியில் இருந்து ஒருவர் வந்து, "இப்பதான் நீர் நல்ல தமிழ் கதைக்கிறீர்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர்தான் போன வருடம் இந்தியத் தொலைக்காட்சியில் யாழ்ப்பாணப் பேச்சைக் கேலி செய்துவிட்டார்கள் என்று முகநூலில் கொதித்தவர்.

பெயர் வேண்டாம், வடமராட்சி:
தங்கச்சி, அறை இல்லை என்ற கதை எங்களுக்கும் பழக்கம். எங்களுக்கு அது ஊருக்குள்ளேயே நடந்தது, பேச்சில் வித்தியாசமே இல்லாமல்.

யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். என் அப்பப்பாவைப் பால்குடி மறந்த பெடியனும் "நீ" என்பான். அவர் அந்தப் பெடியனை "நயினார்" என்பார். அதுவும் இந்த மண்ணின் வழக்குத்தான். வட்டார வழக்கைக் காப்பாற்றவேண்டும் என்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களோ தெரியாது.

1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை இளம் ஆட்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கே. டானியல், டொமினிக் ஜீவா போன்ற எழுத்தாளர்கள் எங்கள் சனங்களைக் கதைக்குள் கொண்டுவந்து, அவர்கள் கதைக்கிறபடியே கதைக்கவிட்டார்கள். பண்டிதர்கள் அதற்கு வைத்த பெயர் "இழிசனர் வழக்கு". அதற்குப் பல வருடம் முன்பே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சில் நாடகங்கள் எழுதியிருந்தார். ஆக, பேச்சுத்தமிழை அச்சில் ஏற்றியது முதல்தடவை இல்லை. யார் வாய் என்று பார்த்துத்தான் இவ்வளவு கோபம் வந்தது என்று நான் நினைக்கிறேன். முடிதிருத்தும் கடையில் வேலை செய்த ஜீவா 1966இல் மல்லிகை தொடங்கினார். பிறகு அந்தச் சஞ்சிகையில் பேராசிரியர்களும் எழுதினார்கள்.

கம்பஸ் பெடியன்:
கனமான கதைகளுக்கு நடுவில் மன்னிக்கவும். பம்பல், கொழுவல், சுழட்டுறது, பிலிம் காட்டுறது இல்லாமல் எங்கள் செற் ஒரு நாளும் உயிர்வாழாது. "இதெல்லாம் தமிழே?" என்று அம்மம்மா பேசுவா. (பெட்டிசம் ஐயாவின் பொருளில்.) பேசிக்கொண்டே அலுமாரியைத் திறந்து, யன்னலைச் சாத்தி, வாங்கில் இருந்து கோப்பையில் தேத்தண்ணி குடிப்பா. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போனவை அந்த நாலு சொல்லும். 1658இல் வந்த ஒல்லாந்தர் கந்தோரையும் (அலுவலகம்) கக்கூசையும் தந்தார்கள். அம்மம்மாவைக் கேட்டால் எல்லாம் அச்சொட்டான தமிழ். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் "செம" என்று தம்பி சொல்லும்போது எனக்கே எரிச்சல் வருகிறது, ஏன் என்று விளங்கவில்லை.

ஹட்டன் பிறப்பு, திருநெல்வேலி வாசம்:
பெட்டிசம் ஐயா, ஒரு கேள்வி. எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து முறைப்பாடு கொடுத்தால் இதே பிரச்சினை தலைகீழாக வருமே? "பேசினான்" என்றால் ஏசினான் என்று எழுதிவிடுவார்களே?

சாவகச்சேரி பெட்டிசம்:
வரும், வந்தும் இருக்கு. பதிந்து முடிந்ததும் முழுதையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்கள் சொன்ன சொல் மாறியிருந்தால் அதை வெட்டி, சொன்னபடியே எழுதச் சொல்லுங்கோ. "அது நல்ல தமிழில்லை" என்று சொன்னால், மேற்கோள் குறிக்குள்ளே போடச் சொல்லுங்கோ. அதற்கு ஒருவரும் மறுப்பதில்லை. சிங்களத்தில் பதிந்தால், ஆரையாவது கொண்டு தமிழில் விளங்கப்படுத்தும்வரைக்கும் கையெழுத்து வைக்காதேங்கோ. ஆச்சியின் வேலி வழக்கைக் கேட்டு உள்பெட்டியில் ரெண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தவணை போட்டிருக்கு, நில அளவையாளர் இன்னும் வரவில்லை.